ஒப்பிட்டு உண்மை கண்டவர்

முன்னுரை

உணவே மருந்து என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கி வரும் மொழியாகும். ஆயினும், எவ்வுணவு எந்நோய்க்கு மருந்தாகும் என்று வினவினால், ஆளுக்கொரு விடை கிடைக்கும். வீட்டில் உள்ள முதியோர் ஒன்று கூறுவர். அண்டை வீட்டார் மற்றொன்று கூறுவர். கடைத்தெருவில் மருந்து விற்போர் தம் கையிலுள்ள குப்பியே எல்லா நோயையும் தீர்க்கும் என்பர். இவர்களுள் பலர் நல்லெண்ணம் உடையவரே. எனினும், நல்லெண்ணத்தோடு கூறப்பட்டவை யாவும் மெய்யாகிவிடுமா? மெய்யாவது எது, மெய்போல் தோன்றுவது எது என்று பிரித்தறிவது எவ்வாறு? இவ்வினாவிற்கு 1747ஆம் ஆண்டில், நடுக்கடலில் மிதந்த ஒரு போர்க்கப்பலில் விடை காண முயன்றார் ஓர் இளைஞர். அவரே ஜேம்ஸ் லிண்டு என்னும் மருத்துவர். அவருடைய வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

கடலிற் பரவிய கொடுநோய்

ஐரோப்பிய நாட்டார் பெருங்கடல்களைக் கடந்து வாணிகமும் போரும் புரியத் தொடங்கிய காலத்தில், அவர்களைப் புயலினும் பீரங்கியினும் மிகுதியாக வருத்தியது ஸ்கர்வி என்னும் நோயாகும். கரையை விட்டுப் பிரிந்து சில திங்கள் கழிந்ததும் மாலுமிகள் காரணமின்றிச் சோர்வுறுவர். பின்னர் அவர்தம் ஈறுகள் வீங்கிக் குருதி கசியும், பற்கள் ஆடி உதிரும், கால்களில் கருநீலப் புள்ளிகள் தோன்றும், மூட்டுகள் மடங்கா. பல்லாண்டுகளுக்கு முன் ஆறிய புண்ணும் மீண்டும் வாய் திறக்கும். இறுதியில், எழுந்து நிற்க முயலும்போதே உயிர் பிரிவதும் உண்டு.

1498ஆம் ஆண்டில் கோழிக்கோட்டுக் கரையை அடைந்த வாஸ்கோ ட காமாவின் மாலுமிகளுட் பலர் இந்நோய்க்கு இரையாயினர். 1740ஆம் ஆண்டில் ஆங்கிலத் தளபதி ஆன்சன் என்பார் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். அவருடன் சென்ற ஏறத்தாழ 1900 பேருட் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. பகைவர் கையில் மடிந்தவர் மிகச் சிலரே. மற்றையோரை மாய்த்தவை நோய்கள். அவற்றுள் தலையாயது ஸ்கர்வி.

அக்காலத்துக் கப்பலில் மாலுமிகளுக்குக் கிடைத்த உணவு யாது? உப்பிட்டுக் காயவைத்த இறைச்சி, கல்போல் இறுகிய ரொட்டி, உலர்ந்த பட்டாணி, கூலக்கஞ்சி ஆகியவையே. பசுங்காயும் புதுக்கனியும் நெடுநாள் தாங்கமாட்டாவாகலின், அவை கப்பலில் இடம்பெறவில்லை.

இந்நோய்க்கு எலுமிச்சைச் சாறு நன்மை செய்யும் என்பதைச் சிலர் முன்னரே கண்டிருந்தனர். 1601ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதற் கடற்பயணத்தை நடத்திய ஜேம்ஸ் லங்காஸ்டர், தம் கப்பலில் எலுமிச்சைச் சாற்றைக் கொண்டுசென்று, நாள்தோறும் காலையில் மாலுமிகளுக்கு அளித்தார். அவர் கப்பலில் இருந்தவர் பெரிதும் நலமாயிருக்க, உடன் சென்ற பிற கப்பல்களில் இருந்தவர் நோயால் நலிந்தனர். இவ்வளவு தெளிவாகக் கண்ட பின்னரும் அச்செய்தி நிலைபெறவில்லை. ஏனெனில், வினைக்காடி நல்லது என்பாரும், கடல்நீர் நல்லது என்பாரும், கந்தக அமிலம் நல்லது என்பாரும் அவரவர் கண்ட சான்றுகளை எடுத்துக்காட்டி வாதிட்டனர். பல குரல்களுக்கிடையே ஓர் உண்மைக் குரல் எழுந்தால், அதனை உண்மை என்று அடையாளம் காண்பது எங்ஙனம்?

பிறப்பும் பயிற்சியும்

ஜேம்ஸ் லிண்டு 1716ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டின் தலைநகராகிய எடின்பரோவில் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தம் பதினைந்தாம் வயதில், அந்நகரத்து அறுவை மருத்துவர் ஒருவரிடம் மாணாக்கராய்ச் சேர்ந்தார். ஆசிரியரின் அருகிருந்து, அவர் செய்வன கண்டு, கைத்திறன் பயில்வதே அக்காலத்து வழக்கம். லிண்டும் அவ்வாறே பல்லாண்டு பயின்றார்.

1739ஆம் ஆண்டில் பிரிட்டனுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. அவ்வாண்டிலேயே லிண்டு கப்பற்படையில் அறுவை மருத்துவரின் துணைவராய்ச் சேர்ந்தார். மத்தியதரைக் கடல், ஆப்பிரிக்காவின் கினிக் கடற்கரை, மேற்கிந்தியத் தீவுகள் எனப் பல இடங்களுக்கும் சென்று பணியாற்றினார். காற்றோட்டமில்லாத கீழ்த்தட்டில், ஈரம் கசியும் பலகைகளுக்கிடையே, நூற்றுக்கணக்கான மாந்தர் நெருங்கி உறங்கும் நிலையை அவர் நேரிற் கண்டார்.

சாலிஸ்பரிக் கப்பலில்

1747ஆம் ஆண்டில் லிண்டு, சாலிஸ்பரி என்னும் போர்க்கப்பலின் மருத்துவராய் இருந்தார். பிரான்சு, ஸ்பெயின் நாடுகளை ஒட்டிய பிஸ்கே விரிகுடாவில் அக்கப்பல் காவல் புரிந்து வந்தது. கரை காணாமற் பல வாரங்கள் கழிந்தன. எதிர்பார்த்தவாறே ஸ்கர்வி தலைகாட்டியது.

அப்போது லிண்டுக்கு வயது முப்பது. அவருக்கு முன் இரு வழிகள் இருந்தன. பெரியோர் கூறிய மருந்துகளுள் ஒன்றைத் தேர்ந்து எல்லார்க்கும் அளிப்பது ஒரு வழி. நோயாளி பிழைத்தால் மருந்தின் புகழ். இறந்தால் விதியின் குற்றம் என அமைதியுறலாம். பெரும்பாலார் சென்ற வழி அதுவே. லிண்டு மற்றொரு வழியை நாடினார். மருந்துகள் பலவற்றையும் ஒரே காலத்தில், ஒரே இடத்தில், ஒரே நிலையில் உள்ள நோயாளர்க்குக் கொடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காண்பதென முடிவு செய்தார்.

பன்னிருவர் சோதனை

1747ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் அச்சோதனை தொடங்கிற்று. நோயுற்றவருள் பன்னிருவரை லிண்டு தெரிந்தெடுத்தார். அவர்தம் நோய்க்குறிகள் இயன்றவரை ஒத்திருக்குமாறு பார்த்துக்கொண்டார். பன்னிருவரையும் கப்பலின் ஒரே பகுதியில் படுக்க வைத்தார். காலையில் சருக்கரை கலந்த கஞ்சி, நண்பகலில் பெரும்பாலும் ஆட்டிறைச்சிச் சாறு, இரவில் வாற்கோதுமை, உலர்திராட்சை, அரிசி போன்றவை என, எல்லார்க்கும் ஒரே வகை உணவை அளித்தார். இருப்பிடமும் உணவும் நோயும் ஒத்திருக்க, மருந்து ஒன்று மட்டுமே வேறுபட வேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வாறு இருந்தாலன்றோ, பயனில் தோன்றும் வேறுபாட்டிற்கு மருந்தே காரணம் எனத் துணியலாம்?

பின்னர் அவர்களை இருவர் இருவராக ஆறு பிரிவாக்கினார். முதல் இருவர்க்கு நாள்தோறும் ஒரு லிட்டருக்குச் சற்று மிகுந்த ஆப்பிள் மதுவை அளித்தார். இரண்டாம் பிரிவினர்க்குக் கந்தக அமிலம் சேர்ந்த மருந்தை, நாள்தோறும் மும்முறை 25 துளி அளித்தார். மருத்துவப் பெரியோர் போற்றிய மருந்து அதுவே. மூன்றாம் பிரிவினர்க்கு வினைக்காடியை மும்முறை இரு கரண்டி அளித்தார். நான்காம் பிரிவினர் நோய் முற்றிக் கால் நரம்புகள் இறுகியவர். அவர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழக் கால் லிட்டர் கடல்நீர் அளித்தார். ஐந்தாம் பிரிவினர்க்கு நாள்தோறும் இரண்டு ஆரஞ்சுக் கனியும் ஓர் எலுமிச்சங்கனியும் அளித்தார். ஆறாம் பிரிவினர்க்கு ஒரு லேகியம் கொடுக்கப்பட்டது. பூண்டு, கடுகு, முள்ளங்கி வேர், வெள்ளைப்போளம் முதலியன சேர்த்து அரைத்த அதனைச் சாதிக்காய் அளவாக மும்முறை உண்டு, புளி கரைத்த வாற்கோதுமை நீரைப் பருகினர்.

கண்ட உண்மை

கப்பலில் இருந்த ஆரஞ்சும் எலுமிச்சையும் ஆறே நாளில் தீர்ந்து போயின. ஆனால், அந்த ஆறு நாளே போதியதாயிற்று. கனி உண்ட இருவருள் ஒருவர் பணிக்குத் திரும்பும் அளவு நலமுற்றார். மற்றவர் எஞ்சிய நோயாளர்க்குப் பணிவிடை செய்ய அமர்த்தப்படும் அளவு தேறினார். ஆப்பிள் மது பருகியவரிடம் சிறிது முன்னேற்றம் தென்பட்டது. அமிலமும் காடியும் கடல்நீரும் லேகியமும் உண்டவரிடம் குறிப்பிடத்தக்க நன்மை ஒன்றும் காணப்படவில்லை.

இதில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. புளிப்புச் சுவையே ஸ்கர்வியைத் தீர்க்கும் என அக்காலத்தவர் பலர் நம்பினர். அமிலமும் புளிக்கும்; காடியும் புளிக்கும்; நம் நாட்டார் நன்கறிந்த புளியும் புளிக்கும்; எலுமிச்சையும் புளிக்கும். சுவையால் இவை யாவும் ஓரினம் போலத் தோன்றினும், பயனால் வேறு வேறு என்பதை அச்சோதனை காட்டிற்று. காரணத்தைச் சுவையால் ஊகித்தவர் பிழைபட்டனர். பயனை ஒப்பிட்டு நோக்கியவர் உண்மை கண்டார். பூண்டும் கடுகும் சமையலுக்குச் சிறந்த பொருள்களே. எனினும், ஒரு பொருள் நற்பொருள் என்பதனால் எந்நோய்க்கும் அது மருந்தாகிவிடாது.

நூலும் அதன் நிலையும்

1748ஆம் ஆண்டில் லிண்டு கப்பற்பணியினின்று நீங்கி எடின்பரோ திரும்பினார். பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். நகரில் மருத்துவத் தொழில் நடத்தினார். 1753ஆம் ஆண்டில் ஸ்கர்வி பற்றிய தம் பெருநூலை வெளியிட்டு, அதனைக் கடற்பெருவீரர் ஆன்சனுக்கு உரிமையாக்கினார். தமக்கு முன் இந்நோய் பற்றி எழுதியோர் கூற்றுகளை எல்லாம் திரட்டி ஆராய்ந்த அந்நூல், நானூறு பக்கங்களுக்கு மேற்பட்டது.

ஆனால், பன்னிருவர் சோதனை அந்நூலின் நடுவே சில பத்திகளில் அடங்கிவிட்டது. நோயின் காரணம் பற்றி லிண்டு கொண்ட கருத்தும் அக்காலக் கருத்தே. ஈரக்காற்றால் உடலின் வியர்வைத் துளைகள் அடைபட்டு நோய் பிறக்கிறது என அவர் எண்ணினார். கனியில் உள்ள ஏதோ ஒரு பொருளின் குறைவே நோய் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றவில்லை. தாம் கண்ட மாணிக்கத்தின் மதிப்பை அவரே முழுதும் உணர்ந்திலர் எனலாம்.

பழக்குழம்பின் பிழை

அதனினும் வருந்தத்தக்கது ஒன்று பின்னர் நிகழ்ந்தது. ஆரஞ்சும் எலுமிச்சையும் நெடும்பயணத்தில் கெட்டுவிடும், விலையும் மிகுதி. ஆகவே, அவற்றின் சாற்றை வடிகட்டி, வாயகன்ற கலத்தில் ஊற்றி, அக்கலத்தை வெந்நீரில் வைத்துப் பல மணி நேரம் வற்றச் செய்து, தேன்போல் கெட்டியான குழம்பாக்கிக் குப்பிகளில் அடைத்து வைக்கலாம் என லிண்டு எழுதினார். அக்குழம்பு ஆண்டுக்கணக்கில் கெடாதிருக்கும் என்றும் நம்பினார்.

குழம்பு கெடாதிருந்தது உண்மையே. ஆனால், நோயைத் தீர்க்கும் பொருள் அதில் எஞ்சியதோ சிறிதே. நெடுநேரம் வெப்பத்தில் இருந்ததால் அப்பொருளின் பெரும்பகுதி சிதைந்தது; குப்பியில் கிடந்த காலத்தில் எஞ்சியதும் மேலும் குறைந்தது. கனியைப் பிற மருந்துகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்த லிண்டு, தாம் செய்த குழம்பைக் கனியோடு ஒப்பிட்டு ஆராயவில்லை. கனி பயன் தந்தது. கனியினின்று செய்ததும் பயன் தரும் என ஊகித்துவிட்டார். பிறருடைய ஊகத்தைச் சோதித்தவர், தம் ஊகத்தைச் சோதியாது விட்டார். அதன் விளைவாக, அக்குழம்பை உண்டும் பயன் காணாதவர், எலுமிச்சையே பயனற்றது என எண்ணலாயினர்.

1768 முதல் 1771 வரை உலகைச் சுற்றி வந்த கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக், முளைதானியச் சாறு, புளிக்கவைத்த முட்டைக்கோசு, பழக்குழம்பு எனப் பலவற்றையும் எடுத்துச் சென்றார். கரை கண்ட இடமெல்லாம் இறங்கிப் பசுங்கீரை பறித்து மாலுமிகளை உண்பித்தார். கப்பலையும் தூய்மையாக வைத்திருந்தார். அவர் ஆட்களை ஸ்கர்வி மாய்க்கவில்லை. ஆனால், பலவும் ஒருங்கே செய்யப்பட்டமையால், காத்தது எது என்று எவரும் பிரித்தறிய இயலவில்லை. முளைதானியச் சாறே காத்தது எனக் கப்பற்படையார் துணிந்தனர். அச்சாற்றில் ஸ்கர்வியைத் தீர்க்கும் பொருள் இல்லையென்றே கூறலாம். ஒப்பீடு இல்லாதவிடத்து வெற்றியும் வழிதவறச் செய்யும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஹாஸ்லர் மருத்துவமனையில்

1758ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹாஸ்லர் என்னும் பெரிய கப்பற்படை மருத்துவமனைக்கு லிண்டு தலைமை மருத்துவராக அமர்த்தப்பட்டார். அங்கு அவர் 25 ஆண்டுகள் தொண்டாற்றினார். போரினின்று மீண்ட கப்பல்கள் நோயாளரைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவந்து சேர்த்தன.

கப்பற்படையில் புதிதாய்ச் சேர்வோரைக் குளிப்பாட்டித் தூய உடை அணிவித்த பின்னரே கப்பலில் ஏற்ற வேண்டும் என அவர் வற்புறுத்தினார். கந்தலும் அழுக்கும் காய்ச்சலைக் கப்பலுக்குள் கொணர்கின்றன என்பதை அவர் உணர்ந்திருந்தார். கடல்நீரைக் காய்ச்சி வடித்துக் குடிநீராக்கும் எளிய முறையையும் எடுத்துரைத்தார். வெப்ப நாடுகளில் ஐரோப்பியர்க்கு உண்டாகும் நோய்கள் பற்றி 1768ஆம் ஆண்டில் ஒரு நூல் இயற்றினார். 1783ஆம் ஆண்டில் அவர் பணியினின்று ஓய்வு பெற, அவருடைய மகனே அப்பதவியை ஏற்றார்.

சென்னைத் துறை அடைந்த கப்பல்

லிண்டின் நூலைப் படித்து அதன் வழியில் சிந்தித்தவருள் சிறந்தவர் கில்பர்ட் பிளேன் என்னும் மருத்துவர். மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த கப்பற்படையின் மருத்துவராய்ப் பணியாற்றிய அவர், நோயுற்றவர் தொகையையும் இறந்தவர் தொகையையும் முறையாகக் கணக்கெடுத்தார். எலுமிச்சைச் சாற்றின் பயனை எண்களால் நிறுவ முயன்றார்.

1794ஆம் ஆண்டில் சஃபோக் என்னும் போர்க்கப்பல் இங்கிலாந்திலிருந்து இந்தியாவிற்குப் புறப்பட்டது. அதில் இருந்தோர் அனைவர்க்கும் நாள்தோறும் சிறிதளவு எலுமிச்சைச் சாறு, சருக்கரையோடு கலந்து அளிக்கப்பட்டது. அது வற்றக் காய்ச்சிய குழம்பன்று, சாறேயாகும். இடையில் எக்கரையையும் தொடாது, 23 வாரங்கள் கடலிலேயே கழித்து, அக்கப்பல் நம் சென்னைத் துறையை வந்தடைந்தது. வழியில் சிலரிடம் ஸ்கர்வி தோன்றியபோது, சாற்றின் அளவை மிகுத்தவுடன் அது நீங்கிற்று. அக்கொடுநோயால் ஒருவரும் உயிர் துறக்கவில்லை. சாந்தோமும் கோட்டையும் கண்ட அக்கடற்கரை, மருத்துவ வரலாற்றின் இத்திருப்பத்தையும் கண்டது.

அந்த 1794ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜேம்ஸ் லிண்டு தம் 77ஆம் வயதில் உயிர் நீத்தார். சென்னையில் கிடைத்த வெற்றியை அவர் அறியார். அடுத்த ஆண்டாகிய 1795இல், கப்பற்படையினர்க்கு எலுமிச்சைச் சாறு அளிக்க ஆணை பிறந்தது. பன்னிருவர் சோதனைக்கும் அவ்வாணைக்கும் இடையே 48 ஆண்டுகள் ஓடிவிட்டன. அக்காலத்தில் மாண்ட மாலுமிகள் எத்துணைப் பேர்! அவர்தம் மனைவியரும் மக்களும் கரையில் நின்று கண்ணீர் வடித்தனர் அன்றோ? 1780ஆம் ஆண்டில் ஹாஸ்லர் மருத்துவமனையில் சேர்ந்த ஸ்கர்வி நோயாளர் 1457 பேர். 1806ஆம் ஆண்டிலோ அங்கு வந்த அந்நோயாளரை விரல்விட்டு எண்ணிவிடலாம். மெய்யை நாடுவதில் காட்டும் சோம்பல் உயிர்களை விலையாகக் கொள்ளும் என்பதற்கு இவ்விரண்டு எண்களே சான்று.

மறைபொருள் வெளிப்படல்

கனியில் மறைந்திருந்த பொருள் யாது என்பது இருபதாம் நூற்றாண்டில் வெளிப்பட்டது. 1907ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர்களாகிய ஹோல்ஸ்ட், ஃபிரோலிக் என்னும் இருவர், கினிப்பன்றி எனப்படும் சிறு விலங்கிற்குத் தானியம் மட்டுமே அளித்து, ஸ்கர்வி தோன்றுவதைக் கண்டனர். 1928ஆம் ஆண்டில் அங்கேரி நாட்டு அறிஞர் சென்ட் ஜியார்ஜி ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதுவே ஸ்கர்வியைத் தீர்க்கும் உயிர்ச்சத்தாகிய வைட்டமின் சி என்பது 1932ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. 1937ஆம் ஆண்டில் அவர் நோபல் பரிசு பெற்றார்.

நம் தோல், ஈறு, குருதிக்குழாய், எலும்பு ஆகியவற்றைப் பிணைத்து நிறுத்துவது கொலாஜன் என்னும் புரதம். அதனை உடல் செவ்வனே உருவாக்க வைட்டமின் சி வேண்டும். ஆடு, மாடு, நாய் முதலிய விலங்குகள் பலவும் இச்சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். மாந்தர்க்கு அவ்வாற்றல் இல்லை. உணவினின்றே பெறுதல் வேண்டும். ஆரஞ்சு, எலுமிச்சை, நெல்லி, கொய்யா, முருங்கைக்கீரை முதலியவற்றில் இச்சத்து உண்டு.

இக்காலத்தில் அச்சத்து மாத்திரை வடிவிலும் கிடைக்கிறது. குறைவுடையவர்க்கு அது உயிர்காக்கும் மருந்தாகும். அதனால், எவ்வளவு மிகுதியாக உண்கிறோமோ அவ்வளவு நன்மை எனச் சிலர் எண்ணுகின்றனர். நாள்தோறும் அம்மாத்திரையை உண்பவர்க்குச் சளிக்காய்ச்சல் வாராது என்பதும் அத்தகைய நம்பிக்கையே. பல்லாயிரவரை லிண்டின் முறைப்படி பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, பொதுமக்களிடையே சளி வருவது அதனால் குறையவில்லை. வந்த சளி நீடிக்கும் காலம் மட்டும் சிறிது குறைந்தது. ஒரு சத்து இல்லாவிடில் நோய் வரும் என்பது வேறு. அதனை மிகுதியாக உண்டால் பிற நோய்களும் வாரா என்பது வேறு. முதலாவது மெய்யாயினும், இரண்டாவதனைத் தனியே சோதித்தல் வேண்டும்.

மூலிகைகளுக்கும் இவ்விதி பொருந்தும். மூலிகை என்பதனால் ஒன்றை இகழ்தலும் தகாது. மூலிகை என்பதனால் ஒன்றை நம்பிவிடுதலும் தகாது. சீன நாட்டு அறிஞர் தூ யூயூ என்னும் பெண்மணி, பழைய மருத்துவச் சுவடிகளில் காய்ச்சலுக்குக் கூறப்பட்ட ஒரு செடியை 1970களில் ஆராய்ந்தார். கொதிக்க வைத்தால் அதன் பயன் கெடுவதை உணர்ந்து, குறைந்த வெப்பத்தில் சாரத்தைப் பிரித்தெடுத்தார். விலங்குகளிடத்தும் பின்னர் மாந்தரிடத்தும் சோதித்தே அதன் பயனை நிறுவினார். மலேரியாக் காய்ச்சலுக்குச் சிறந்த மருந்தாகிய ஆர்ட்டிமிசினின் அவ்வாறு கிடைத்தது. 2015ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பழக்குழம்பில் லிண்டு தவறவிட்ட நுட்பத்தை இவ்வறிஞர் தவறவிடவில்லை.

லிண்டு காட்டிய வழி

லிண்டின் சோதனையில் குறைகளும் உண்டு. பிரிவுக்கு இருவர் என்பது மிகச் சிறிய தொகை. இக்காலத்தில் நூற்றுக்கணக்கானவரையும் ஆயிரக்கணக்கானவரையும் சேர்ப்பர். எவர்க்கு எம்மருந்து என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி தீர்மானியாது, திருவுளச் சீட்டைப் போன்ற முறையால் தீர்மானிப்பர். இயலுமிடத்து, எவர் எம்மருந்தை உண்கிறார் என்பதை நோயாளரும் மருத்துவரும் அறியாதவாறு மறைத்து வைப்பர். நோயாளரின் இசைவையும் முன்னரே பெறுவர். இவை யாவும் லிண்டு இட்ட அடித்தளத்தின்மேல் பின்னோர் எழுப்பிய மாடங்கள் ஆகும்.

அம்முறை நம் சென்னையிலும் பெரும்பயன் விளைத்தது. காசநோயாளர் தனி மருத்துவமனையில் தங்கி, ஓய்வும் ஊட்டமிக்க உணவும் பெற்றாலன்றிக் குணமடையார் என்பது ஒரு காலத்துக் கொள்கை. 1956ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு நிலையத்தார், ஒரு பிரிவினரை மருத்துவமனையிலும் மற்றொரு பிரிவினரை வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை அளித்து ஒப்பிட்டனர். ஏழை வீடுகளில் எளிய உணவு உண்டு மருந்தை ஒழுங்காகக் கொண்டவரும், மருத்துவமனையில் இருந்தவரைப் போலவே குணமடைந்தனர். 1959ஆம் ஆண்டில் வெளிவந்த அம்முடிவு, வீட்டில் இருந்தவாறே மருத்துவம் பெறும் வழியை உலகெங்கும் உள்ள ஏழை மக்களுக்குத் திறந்துவிட்டது. நல்லுணவு யாவர்க்கும் வேண்டுவதே. ஆயினும், காசநோயைத் தீர்த்தது மருந்தே என்பதை ஒப்பீடு ஒன்றே தெளிவாக்கிற்று.

முடிவுரை

லிண்டு வேந்தர் அல்லர், படைத்தலைவரும் அல்லர். அவர் நோயின் காரணத்தைப் பிழையாகவே எண்ணினார். தாம் கண்ட மருந்தைப் பதப்படுத்துவதிலும் தவறினார். எனினும், உலகம் அவரை இன்றும் போற்றுகின்றது. அவர் சோதனை தொடங்கிய மே 20ஆம் நாள், மருத்துவ ஆய்வுகளுக்குரிய நாளாகப் பல நாடுகளில் கொண்டாடப்படுகின்றது. பெரியோர் கூறினர் என்பதற்காக ஒன்றை ஏலாமலும், புதியது என்பதற்காக ஒன்றைத் தள்ளாமலும், இரண்டையும் அருகருகே வைத்து நடுநிலையோடு நோக்கியதே அவர் பெருமை.

மாணவர்களே! இவ்வுணவு இந்நோயைத் தீர்க்கும், இப்பொடி ஆயுளை வளர்க்கும் என நாள்தோறும் பல சொற்கள் நம் செவியில் விழுகின்றன. அவற்றைக் கேட்கும்போது சாலிஸ்பரிக் கப்பலின் பன்னிருவரை நினைவு கூருங்கள். இதனை எதனோடு ஒப்பிட்டனர்? எத்தனை பேரிடம் ஒப்பிட்டனர்? பிற யாவும் ஒத்திருந்தனவா? இம்மூன்று வினாக்களையும் பணிவோடு கேளுங்கள். நம் சொந்தக் கருத்தையும் அவ்வினாக்களுக்கு உட்படுத்துங்கள். லிண்டு தம் பழக்குழம்பிற்குச் செய்யத் தவறியது அதுவே. அவர் வாழ்வின் வெற்றியும் தோல்வியும் ஒருங்கே நமக்கு உணர்த்தும் பாடம் இதுவாகும்.